மாத்திரை இல்லாத அமாவாசை

சாரா தறிக்குழிக்குப் பயப்பட ஆரம்பித்தாள்.

அவள் அப்பா சத்தியராஜ் பகலெல்லாம் அந்தக் குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்துத்தான் பட்டு நெய்தான். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டின் நடுவில் அந்தக் குழி இருந்தது. தவழ்கிற வயதில் அதில் விழுந்து, அழாமல் எழுந்து, மறுபடியும் இறங்கப் பார்த்தவள் அவள். எட்டு வயது முடிந்தபின், எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில், அதன் ஓரத்தில் உட்காரும்போதெல்லாம் கால்களை இழுத்துத் தன் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அப்பா, கால காட்டு" என்பாள்.

சத்தியராஜ் முதலில் சிரித்தான். மிதியிலிருந்து காலை எடுத்துத் தூக்கிக் காட்டினான். அவள் அவன் விரல்களைப் பார்த்துவிட்டு, கரை இழை ஓட்டும் நாடாக் கட்டையை அவன் பக்கம் தள்ளினாள். புடவை ஒரு விரற்கடை நீள்வதற்குள் மறுபடியும் கேட்டாள். சித்திரை வந்தபோது அவன் சிரிப்பதை விட்டிருந்தான்.

பாக்கியமேரி அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகள் கேட்கிற குரல்தான் அவளைத் தொந்தரவு செய்தது. அதில் செல்லமும் இல்லை, விளையாட்டும் இல்லை. கால் அங்கே இருக்காது என்று முடிவுகட்டிவிட்டுக் கேட்பதுபோல இருந்தது.

வேறு பயங்களும் வந்திருந்தன. அடுப்பு அணைந்துவிட்டதா என்று போய்ப் போய்ப் பார்த்தாள். நகத்தைச் சுற்றிய தோலை உரித்து உரித்து விரல் நுனிகள் சிவந்திருந்தன. தட்டில் வைத்த சோறு அப்படியே கிடந்தது. படுத்தால் நெடுநேரம் கண் மூடவில்லை.

தை மாதம் வரை அவள் வேறு பிள்ளை. நிற்காத பிள்ளை. வகுப்பில் பலகை தாண்டி ஓடுவாள், ஜன்னல் கம்பியில் ஏறுவாள், எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டில் எழுதுவாள். டீச்சர் இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டார். கடைசியில், பிள்ளையை எங்காவது காட்டிச் சரிசெய்துவிட்டுக் கூட்டி வாருங்கள், அதுவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று வேலூருக்குப் போனார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு டாக்டரம்மா சாராவை வெகுநேரம் விளையாடவிட்டுப் பார்த்தார். நோய்க்கு இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். தமிழில், நிலைகொள்ளாத பிள்ளை என்றார். காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, லீவு நாட்களில் கொடுக்க வேண்டாம், முழுப்பரீட்சை லீவு முடிந்ததும் திரும்ப வந்து காட்டுங்கள் என்றார். அதுவரைக்கும் தேவையான மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெரிய பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆரணியில் அவர்கள் தெருவில் லீவு என்றால் அமாவாசை. அன்றைக்கு ஒரு தறியும் ஓடாது. இந்துக்கள் வீட்டில் தறிக்குக் கற்பூரம் காட்டுவார்கள். சத்தியராஜ் கற்பூரம் காட்டுவதில்லை. ஆனால் தெருவே ஓய்ந்திருக்கும்போது அவன் மட்டும் நெய்ததில்லை. அவன் அப்பாவும் நெய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலுக்குப் போவார்கள், மத்தியானம் தறியில் உட்காருவான். ஞாயிறு லீவு என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை. அதுவுமின்றி, பிரசங்கம் முடிகிறவரை சாரா அசையாமல் உட்கார வேண்டுமே. ஆகவே மாதத்தில் ஒரே ஒரு நாள் மாத்திரையை விட்டார்கள். டாக்டரம்மா சொன்னபடியே செய்கிறோம் என்றுதான் இருவரும் நம்பினார்கள்.

மாத்திரை வேலை செய்தது. முதல் வாரத்திலேயே சாரா ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். பாக்கியமேரி அன்றைக்கு அழுதாள். பிறகு, சத்தியராஜுடன் தறியில் உட்கார்ந்து மறு கரைக்கு நாடா தள்ளிக்கொண்டிருந்த பெரியநாயகம் களம்பூர் ரைஸ்மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டான். இரட்டைக் கரைப் புடவைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். சத்தியராஜ் ஒரு சாயங்காலம் மகளை உட்காரவைத்துப் பார்த்தான். உட்கார்ந்தாள். பரீட்சை லீவு விட்டதும் பகல் முழுக்க உட்கார்ந்தாள்.

"எம் பொண்ணு பெரியநாயகத்த மிஞ்சிட்டா" என்று தெருவில் சொல்லிக்கொண்டான்.

சித்திரை அமாவாசையன்றுதான் பாக்கியமேரி அதைக் கவனித்தாள். குளித்துவிட்டு வந்தபோது சாராவைக் காணோம். கூப்பிட்டாள். தறிக்குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சாரா உள்ளே இறங்கி, மிதிமேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பட்டுத் தூசு. காலையில் இட்லியைக் கேட்டு வாங்கித் தின்றிருந்தாள். அன்று மத்தியானம் தெருவில் மூன்று வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடினாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் பட்டு இழைத்துப் பிழைப்பவள். ராட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இன்னா மேரி, அமாவாச ஆனா உம் பொண்ணு ஆட்டம் போடுது. மத்த நாள்ல கல்லு மாதிரி உக்காந்துகினு கீது. நீங்க ஏசுன்னு சொல்லிகினு இருங்க. அது வேற எதுவோ புடிச்சிகினு இருக்குது."

"புடிச்சது இன்னிக்குத்தான் வுட்டிருக்குதுக்கா" என்றாள் பாக்கியமேரி.

சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அன்று முதல் அவளுக்கு அதே யோசனை. குழிக்குப் பயந்தவள் குழிக்குள் குதித்தாள். மாத்திரை இல்லாத நாளில் பயம் இல்லை. அப்படியானால் பயம் மாத்திரையிலிருந்து வருகிறது. ஆனால் அமாவாசையன்று நின்றது மாத்திரை மட்டும் இல்லை. தறியும் நின்றது. அப்பாவின் அதட்டலும், இழை அறுந்துவிடுமோ என்ற கவலையும் சேர்ந்தே நின்றன. பயம் இதில் எதன் வழியாக வருகிறது? இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தெரியாது. தறி ஓடுகிற நாளில் மாத்திரையை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சத்தியராஜிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்கூலை விட்டுத் துரத்தினபோது எங்கே போனது இந்த யோசனை என்று கேட்டான். கல்யாணப் புடவை, வைகாசிக்குள் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டும், பேஜார் பண்ணாதே என்றான்.

மறுநாள் காலையில் அவள் மாத்திரையைக் கையில் எடுத்தாள். மகளுக்குப் பாலை மட்டும் கொடுத்தாள். மாத்திரையை உளுந்து டப்பாவில் போட்டாள். அடுத்த இரண்டு நாளும் அப்படியே செய்தாள். சாரா அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் நாள் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் நாள் சாரா காலைக் காட்டச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் நாடாவைத் தள்ளிக்கொண்டே பாடினாள். அடுப்படியில் பாக்கியமேரி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அதைக் கேட்டாள். மாத்திரைதான், மாத்திரையேதான் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துவிட்டு அவனிடம் சொல்லிவிடலாம்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. வாசலில் ஐஸ் வண்டி மணி கேட்டது. சாரா துள்ளி எழுந்தாள். கையிலிருந்த நாடா தறியில் நீட்டியிருந்த பாவு நூலுக்குள் குறுக்கே போய் மாட்டியது. அதை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் அறுந்து சுருண்டன.

சத்தியராஜ் குழியிலிருந்து ஏறி வந்து அவளை அடித்தான். அதுவரை அவன் அவளை அடித்ததில்லை. இரண்டு அடிதான். பிறகு அறுந்த இழைகளின் முன் உட்கார்ந்து, விளக்கு வைக்கும்வரை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டான்.

மறுநாள் காலையில் சாரா குழியின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, கால காட்டு" என்றாள். அன்றைக்கும் அவள் மாத்திரை போட்டிருக்கவில்லை; பாக்கியமேரி பாட்டிலையே திறக்கவில்லை.

பாக்கியமேரி உளுந்து டப்பாவை மூடி மேல் தட்டில் வைத்தாள். பயத்துக்கு இப்போது ஒரு காரணம் வந்துவிட்டது. இனி எத்தனை நாள் மாத்திரையை நிறுத்தினாலும், அவள் தெரிந்துகொள்ள நினைத்தது தெரியப்போவதில்லை. அடுத்த நாளிலிருந்து பாட்டிலில் இருந்ததையே மறுபடியும் கொடுக்க ஆரம்பித்தாள்.

வைகாசி முடிகிற சமயம் வேலூருக்குப் போனார்கள். டாக்டரம்மா சாராவின் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எடை பார்த்தார். பாட்டிலை வாங்கிக் குலுக்கினார். அது காலியாக இருந்தது.

"இதுல மிச்சம் இருக்கணுமே" என்றார். "லீவு நாள்ல குடுக்கலைதானே?"

"குடுக்கலைங்க" என்றான் சத்தியராஜ். "அமாவாசைக்கு அமாவாசை விட்டுடுவோங்க."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். தறிக்காரர்களுக்கு அதுதான் லீவு என்றான். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை லீவு பூராவும் கொடுத்தீர்களா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. அந்த நாளெல்லாம் பிள்ளை வீட்டில் என்ன செய்தாள் என்று கேட்டார். தறியில் கூட உட்காரவைத்தோம் என்றான்.

"மாத்திரையாலதான் பயப்படறாளாங்க?" என்று கேட்டாள் பாக்கியமேரி. கணவன் பக்கத்தில் இருக்கும்போது அவள் டாக்டரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"இருக்கலாம்மா. சில பிள்ளைங்களுக்கு அப்படி ஆகுது. அதனாலதான்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியாது. மொதல்ல மாத்திரைய நிறுத்துங்க. தறியில உட்கார வைக்கறதையும் நிறுத்துங்க. ஒரு மாசம் ரெண்டும் இல்லாம இருக்கட்டும். அப்பறம் பார்ப்போம்."

இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் எதனால் என்று எப்படித் தெரியும் என்று பாக்கியமேரிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. டப்பாவில் கிடக்கும் மூன்று மாத்திரைகளைப் பற்றியும் சொல்லவில்லை. பிள்ளை சரியானால் போதும், தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது.

பஸ்ஸில் சத்தியராஜ் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தான். ஆரணி நெருங்கும்போது, "நாம கேட்டிருக்கணும் மேரி" என்றான்.

அவன் மாறத்தான் பார்த்தான். இரட்டைக் கரை வேண்டாம் என்று ஒற்றை ஆள் நெய்கிற சாதாப் புடவைக்குப் பாவு வாங்கிவந்தான். கூலி குறைவு என்று தெரிந்தே வாங்கினான். சாராவைக் குழிப்பக்கம் கூப்பிடவில்லை. அவள் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சாப்பிட்டாள். கொஞ்சம் தூங்கினாள். ஸ்கூல் திறந்தது. மறுவாரமே டீச்சர் ஆள் அனுப்பினார். பாக்கியமேரி போய், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த அமாவாசைக்காக அவள் காத்திருந்தாள். தறி நின்றால், மாத்திரையும் இல்லாவிட்டால், மகள் குழிக்குள் இறங்கிக் குதிப்பாள். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது.

அன்று காலையில் தெருவே ஓய்ந்திருந்தது. கன்னியம்மாள்கூட ராட்டையைத் தொடவில்லை. சத்தியராஜ் பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தான். அடுப்படியில் நின்றபடியே பாக்கியமேரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சிரிப்பு எதுவும் கேட்கவில்லை.

வந்து பார்த்தாள். சாரா குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் வைத்து, கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு. உதடு காய்ந்திருந்தது. ஒரு விரலின் தோலை மற்றொரு விரலால் உரித்துக்கொண்டிருந்தாள்.

பாக்கியமேரி திரும்பி அடுப்படிக்கு ஓடினாள். உளுந்து டப்பா மேல் தட்டில் இல்லை, கீழே இருந்தது. பக்கத்தில் முக்காலி கிடந்தது. டப்பாவைக் கவிழ்த்து உளுந்தை விரலால் கலைத்தாள். இரண்டு மாத்திரைகள்தான் இருந்தன.

மகளின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சாராவே சொன்னாள்.

"நானே போட்டுகினேம்மா."

"ஏண்டி?"

"இன்னிக்கி அப்பா குழியில எறங்காம பூரா நாளும் என்னியே பாத்துகினு இருப்பாரில்ல. நான் எதுனா அறுத்துட்டா?"

சுவரோரம் சாய்ந்திருந்த சத்தியராஜ் நிமிர்ந்தான். சாரா அவனைப் பார்த்தாள். அவன் குழியில் இல்லை, தரையில்தான் உட்கார்ந்திருந்தான். வேட்டி அவன் பாதத்தை மூடியிருந்தது.

"அப்பா" என்றாள், "கால காட்டு."

அவன் வேட்டியை முழங்கால்வரை வழித்துவிட்டு, இரண்டு காலையும் அவள் முன்னால் நீட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். அவன் நீட்டிய காலை மடக்கவே இல்லை.