ஹார்ட் டிஸ்க்கில் இருந்த மழை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை எட்டரை மணிக்கு, ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே கத்தரித் தோட்டத்தை ஒட்டியுள்ள பாண்டியராஜின் வீட்டு உள் அறையில் பதினான்கு மில்லிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. வெளியே களத்தில் காயப்போட்ட மிளகாய் மொறுமொறுவென்று கிடந்தது. கான்கிரீட் கூரையில் விரிசல் ஏதும் இல்லை. மழை கூரைக்குக் கீழே, மின்விசிறியின் உயரத்தில் தொடங்கி, மேசையையும் கட்டிலையும் நனைத்துவிட்டு, வாசற்படியோடு நின்றுகொண்டது. அளந்தவள் பாண்டியராஜின் மகள் நாகஜோதி. முந்தின நாள் சாயங்காலம் முதல் துளி விழுந்ததுமே, பரணில் உபரியாகக் கிடந்த மழைமானியை எடுத்து அறை நடுவில் வைத்துவிட்டாள். காலையில் குழாயைத் தூக்கி அளவை இரண்டு முறை பார்த்தாள். பதினான்கு என்ற அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், தோட்டத்து ஓரத்தில் மழைமானியை நட்ட முதல் நாள் அவள் அளந்த மழை அதுதான்.

நாகஜோதி மழையைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்து நிலங்களில் பெய்யும் மழை வேறு, தூரத்தில் இருக்கும் அரசு மழைமானியில் விழும் மழை வேறு என்று நிரூபிப்பது அவள் ஆய்வு. அதற்காக ஐந்து வருஷம், காய்ச்சல் வந்த நாளிலும் விடாமல், காலை எட்டரைக்கு அளந்தாள். அளந்ததை நேராகக் கணினியில் ஏற்றிவிடுவாள். தாளில் எழுதினால் நனைந்துவிடும் என்பது அவள் பயம். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள் அவள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் பழைய லேப்டாப்பில் இடம் போதாமல் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து, பாதுகாப்புக்காக இன்னொரு நகலும் எடுத்து, அதற்கு ‘பேக்கப்’ என்று பெயர் வைத்து, அதே ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்திருந்தாள். மார்கழிக்குள் ஆய்வேடு எழுதி முடித்து, பங்குனிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கெடு நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். இனி நீட்டிக்க மாட்டோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அவள் அம்மா ராமுத்தாய்க்குப் பூஜை என்றால் பொருள் ஓட்டத்தில் இருக்க வேண்டும். மோட்டார் பம்பை ஓடவிட்டுத்தான் பொட்டு வைப்பாள், கிரைண்டரையும் அப்படியே. மகளின் மேசையில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டு ஓடிய ஹார்ட் டிஸ்க்கையும் ஓடுகிறபடியே கையில் தூக்கி, மூன்று இடத்தில் சந்தனம் வைத்தாள். நான்காவது பொட்டுக்கு அது விரலில் வழுக்கிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. உள்ளே யாரோ நகத்தால் தட்டுவதுபோல டிக், டிக் என்று சத்தம் வந்தது. பிறகு விளக்கு அணைந்தது. அன்று சாயங்காலம் அறைக்குள் தூறத் தொடங்கியது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் அப்துல் ஹாதி அதைக் காதருகே வைத்துக் கேட்டார். சந்தனப் பொட்டுகளைப் பார்த்துவிட்டு, “ஓடிக்கிட்டு இருக்கும்போதா விழுந்துச்சு தங்கச்சி?” என்றார்.

“ஆமாண்ணே. பூஜைக்கு.”

“அணைச்சு வெச்சுப் பூஜை பண்ணக் கூடாதா? கல்யாண மாப்பிள்ளையவா ஓட ஓடப் பொட்டு வெக்கிறீங்க?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உள்ளே தட்டு சுழலும், அதன் மேல் ஒரு முள் தொடாமல் மிதந்து படிக்கும், விழுந்த வேகத்தில் முள் தட்டைக் கீறிவிட்டது என்று விளக்கினார். தான் திறந்தால் ஒரு தூசி போதும், மிச்சமும் போய்விடும் என்றார். தூசியே இல்லாத அறை வைத்திருக்கும் சென்னைக் கடை ஒன்றுக்கு அவரே பொட்டலம் கட்டி அனுப்பினார். பத்து நாளில் அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எங்கள் அறைக்குள் தூசி வரக் கூடாது, இதை வைத்ததிலிருந்து மழை வருகிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். அவர்கள் குரலில் ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. நாகஜோதி போய் வாங்கி வந்தாள். அந்தப் பத்து நாள் மழையையும் சென்னையில் ஒருவரும் அளக்கவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. திரும்பும் வழியில் திண்டுக்கல் நெருங்கும்போது பேருந்துக்குள் சிறிது நேரம் பலத்த மழை. கடைசி சீட்டுக்காரர்கள் குடை விரித்தார்கள். கண்டக்டர் அவளிடம் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

ஹாதி நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கை மறுபடி காதருகே வைத்தார். “அது படிக்குது தங்கச்சி. அடிபட்ட முள்ளு, ஒரு நாளைக்கு ஒரு வரிதான், உங்க கணக்குல ஒரு நாளுதான் படிக்க முடியுது. நம்ம கம்பியூட்டருக்குக் குடுக்கத் தெரியாம ரூமுக்குள்ள கொட்டுது.”

“வேகமாப் படிக்க வைக்க முடியாதாண்ணே?”

“வெச்சா அம்புட்டையும் ஒரே நாள்ல கொட்டிரும். அஞ்சு வருஷ மழைய உங்க வீடு தாங்குமா?”

ஆக, செய்வதற்கு ஒன்றுமில்லை. நாள்தோறும் எட்டரைக்கு அளந்து எழுத வேண்டியதுதான். அளந்ததை எதில் வைப்பது என்று கேட்டாள். சுழலுகிற டிஸ்க் விலை மலிவு, விழுந்தால் போச்சு என்றார் ஹாதி. சுழலாதது விழுந்தாலும் தாங்கும், ஆனால் சாகும்போது சொல்லாமல் செத்துவிடும். இணையத்தில் ஏற்றினால் வீட்டில் தீப்பிடித்தாலும் இருக்கும், கடவுச்சொல் மறந்தால் இருந்தும் இல்லாத மாதிரிதான். “எதையும் நம்பாதீங்க. அதுக்குத்தான் மூணு. ஒண்ணாவது வேற ஊர்ல இருக்கணும்.” நாகஜோதி சுழலுகிறது ஒன்றும் சுழலாதது ஒன்றும் வாங்கினாள். ஒன்றை வீட்டிலும் ஒன்றை ஹாதி கடையிலும் வைத்தாள். மூன்றாவது நகலை இணையத்தில் ஏற்றி, ஏறியதா என்று நாளுக்கு நாலு தரம் திறந்து பார்த்தாள். சனிக்கிழமைகளில் திண்டுக்கல் போய்க் கடையில் இருந்ததிலும் அந்த வாரத்து எண்களைச் சேர்த்துவிட்டு வந்தாள்.

வீடும் பழகிக்கொண்டது. பாண்டியராஜ் அறைத் தரையைச் சரிவாக்கிச் சுவரில் துளை போட்டு, குழாய் வழியாகத் தண்ணீரைக் கத்தரிப் பாத்திக்கு விட்டார். ராமுத்தாய் தன் கைராசிதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். மகள் அழும்போது மட்டும் பேச்சை மாற்றினாள். அந்த வருஷம் ஊரில் ஐப்பசி மழை ஏமாற்றியிருந்தது, ஆழ்துளைக் கிணறுகளில் காற்றுதான் வந்தது. ஆகவே தெருப் பெண்கள் குடம் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்தது.

தை பிறந்து, பொங்கலுக்கு அடித்த வெள்ளை காயும் முன்னே, ஒரு மத்தியானம் அறைக்குள் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர் கொட்டியது. சரிவும் துளையும் போதவில்லை. தண்ணீர் முதல்முறையாக வாசற்படி தாண்டி, அடுப்படியில் இருந்த அரிசி மூட்டையையும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பட்டுச்சேலைகளையும் நனைத்தது. நாகஜோதி கணுக்கால் தண்ணீரில் நின்றபடி சிரித்தாள். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க இந்த மழைதான். அரசு மழைமானியில் பத்து மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பதிவான நாளில், இங்கே தொண்ணூற்றாறு. அவள் சொல்ல வந்ததற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. மற்ற எண்கள் மறந்தாலும் இதை அவள் மறக்கவில்லை.

பாண்டியராஜ் தாம்பாளத்தால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே, “இது எந்த நாளு மழைத்தா?” என்று கேட்டார். அவள் கணக்குப் பார்த்து, அளக்கத் தொடங்கிய வருஷம் ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின நாள் என்றாள்.

“அன்னைக்கா? அன்னைக்கு இம்புட்டு எங்க பேஞ்சுச்சு? கடலை பிடுங்கிக் களத்துல காயப்போட்டிருந்தேன். லேசாத் தூறுச்சு, தார்ப்பாயப் போட்டு மூடினேன். இம்புட்டுப் பேஞ்சிருந்தா கடலை கொடைக்கானல் ரோட்டுக்குல்ல போயிருக்கும்!”

நாகஜோதி தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். தீபாவளிக்கு முந்தின நாள். துணி எடுக்கத் திண்டுக்கல் போகும் அவசரம். வாசலில் ஆட்டோ நின்றது. ஒன்பது புள்ளி ஆறு என்று அடிக்கும்போது புள்ளி விழவில்லை. வானத்தில் பெய்ததல்ல, அவள் எழுதியதுதான் வீட்டுக்குள் பெய்துகொண்டிருந்தது. எழுத்துப் பிழையில் அரிசி நனைந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு துளியும் அவளுக்குச் சந்தேகமாயிற்று. பெய்யாத நாளெல்லாம் நிஜமாகவே பெய்யாத நாள்தானா, தான் எழுத மறந்த நாளா? வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்குள் பெய்வதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஓர் அத்தியாயத்தை அப்படியே விட்டுவிடம்மா, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். மிச்ச வருஷங்களுக்கு அரசுக் கணக்கை எடுத்துப் போட்டுக்கொள் என்றார். அரசுக் கணக்கு தவறு என்பதற்குத்தான் அவள் ஆய்வே. அவரே அதற்குக் கையெழுத்துப் போட்டவர். பங்குனி முடிந்தது. பதிவு ரத்தானது. தரவு முழுதாகக் கிடைத்த பிறகு புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். அவள் இன்னும் நான்கரை வருஷம் ஆகும் என்று சொன்னாள். சரி என்று குறித்துக்கொண்டார்கள்.

சித்திரையில் அறைக்குள் மழை நின்றுபோனது; கணக்குப்படி உள்ளே அப்போது முதல் வருஷத்து மாசி நடந்துகொண்டிருந்தது. வாரங்கள் போயின. அளவைக் குழாயில் தூசி படிந்தது. வெளியேயும் சொட்டு இல்லை. கத்தரிச் செடிகள் தலை தொங்கின. பக்கத்து வீட்டு அய்யம்மாள் இடுப்பில் காலிக் குடத்தோடு வந்து அறையை எட்டிப் பார்த்தாள்.

“ஏத்தா, அடுத்த மழை எப்ப?”

“தெரியலக்கா.”

“எழுதுனவ நீதானத்தா?”

“நான்தான்க்கா. மனசுல இல்ல.”

அய்யம்மாள் குடத்தை மின்விசிறிக்குக் கீழே, மழைமானியில் தண்ணீர் விழுவதை மறைக்காமல் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, பேஞ்சாச் சொல்லு, வாரேன் என்று களை எடுக்கப் போய்விட்டாள்.