பதினான்காம் இலக்கம்

எந்த ஊர் என்று கேட்டால் நிலூஷா "கண்டிதான்" என்பாள். பொய்யில்லை, கண்டியில் ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். கேட்டவர்கள் கேட்டது அதையல்ல என்பதும் அவளுக்குத் தெரியும். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலித் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஆட்சேர்ப்பு அதிகாரியாக வேலை பார்க்கும் அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அதை ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை.

இந்த வருடம் தலைமையகத்திலிருந்து புதிய ஒழுங்கு வந்தது. விண்ணப்பத்தில் பெயர், ஊர், பாடசாலை எல்லாவற்றையும் மறைத்து, இலக்கத்தை மட்டும் பார்த்துப் புள்ளி போட வேண்டும். மறைக்கிற வேலை அக்குறணையிலிருந்து வரும் எழுதுவினைஞர் அஸ்ஃபருக்கு. கறுப்பு டேப்பை வெட்டி வெட்டி ஒட்டினார்.

"இனி எந்தப் பெரிய மனுசன்ட ஆளெண்டாலும் நமக்குத் தெரியா, மேடம்" என்று சிரித்தார்.

நிலூஷாவும் சிரித்தாள். இது எப்போதோ வந்திருக்க வேண்டிய ஒழுங்கு என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டும் வாங்கினாள். அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

இரத்தம் எடுக்கும் உதவியாளர் வேலை ஒன்றே ஒன்று. எல்லாருக்கும் ஒரே கேள்வி: ஊசியைக் கண்டு நோயாளி பயந்தால் என்ன செய்வீர்கள்? மற்ற இருபத்திரண்டு பேரும் புத்தகத்தில் உள்ளதை எழுதியிருக்க, பதினான்காம் இலக்கம் மட்டும் இப்படி எழுதியிருந்தது: "பயத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். கையை இறுக்கிக்கொள்வார்கள். குளிரில் நரம்பும் ஒளிந்துகொள்ளும். அந்தக் கை சூடாகும்வரை என் இரண்டு கைக்குள்ளும் வைத்திருப்பேன். அதற்குள் அவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள்."

நிலூஷா முழுப் புள்ளி போட்டாள். "இந்த ஆள விட்டுடக் கூடாது, அஸ்ஃபர்" என்றாள்.

அஸ்ஃபர் டேப்பை உரித்து வாசித்தார். யசோதினி. கலஹா. அதே தோட்டத்தின் பெயர்.

போன வருடமும் இதே வேலைக்கு இதே யசோதினி விண்ணப்பித்திருந்தாள். அப்போது டேப் இல்லை. முகவரியைப் பார்த்ததுமே நிலூஷாவுக்குத் திக்கென்றது. இந்தப் பெண் வேலைக்கு வந்து, முதல் நாளே நாலு பேர் முன்னால் "நீங்க கணேஸ் மாமா மகதானே" என்று கேட்டுவிட்டால்? அடுத்த பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. "போதிய அனுபவம் இல்லை" என்று கடிதம் அடித்து, கணேஸ் நிலூஷா என்று முழுப் பெயரில் கையெழுத்தும் போட்டாள். அந்த வேலைக்கு அனுபவமே கேட்டிருக்கவில்லை.

நேர்முகத்துக்கு வந்த யசோதினி, அஸ்ஃபர் இருந்த நேரம் முழுவதும் நிலூஷாவை முன்பின் தெரியாதவள் போலவே பார்த்துப் பதில் சொன்னாள். எல்லாப் பதிலும் சரியாக இருந்தது. நியமனக் கடிதத்தைப் பிரதி எடுக்க அஸ்ஃபர் வெளியே போனதும் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ரத்தினம்மா மக. லயத்துல உங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. ஆபீஸ்ல தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னு அம்மா சொல்லி அனுப்பிச்சு. அதான் அவரு முன்னால பேசல."

நிலூஷா மறைத்துக்கொண்டிருப்பது லயத்தில் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தும் அவளுக்காக மறைத்திருக்கிறார்கள்.

"போன வருசம் கெடைக்கலன்னதும், அட்ரஸப் பாத்துத் தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு எங்கண்ணன் ஒரே சத்தம். அம்மாதான் ஒங்க கையெழுத்தக் காட்டி, கணேஸண்ணன் மக இருக்கிற எடத்துல அப்படி நடக்காது, கொறை இவகிட்டதான் இருக்கும்னு சொல்லிச்சு. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. ஒரு வருசமா தோட்டத்து டிஸ்பென்சரியில சம்பளமில்லாம நின்னு பழகினேன். நீங்க நல்லதுக்குத்தான் எழுதியிருக்கீங்க, அக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது நிலூஷாவுக்கு. இவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பேசாமல் தலையாட்டிவிட்டால் போதும், வேலை கிடைத்த சந்தோசத்தில் பிள்ளை போய்விடும், விசயம் அதோடு முடிந்துவிடும். பாதி தலையாட்டியும்விட்டாள். அந்தப் பாதித் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

"கொறை ஒங்கிட்ட இல்ல" என்றாள். ஏழு வருடம் அடக்கி வைத்திருந்த தோட்டத்துப் பேச்சு தானாக வந்தது. "ஒங்கண்ணன் சொன்னதுதான் சரி. அட்ரஸப் பாத்துத்தான் தூக்கிப் போட்டேன். நீ வந்தா நான் எங்க இருந்து வந்தவன்னு இங்க தெரிஞ்சிடும்னு பயம். நீ எழுதினத வாசிக்கவே இல்ல."

அஸ்ஃபர் கடிதத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார். நிலூஷா அவரைப் பார்த்தாள். "கேட்டுக்குங்க, அஸ்ஃபர். நானும் அந்த லயத்து ஆள்தான்."

அஸ்ஃபர் கடிதத்தை மேசையில் வைத்தார். யசோதினி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வருசம் அம்மாகூட என்னையத்தான் கொறை சொல்லிச்சு" என்றாள், யாரிடமும் என்றில்லாமல்.

பிறகு பேனையை எடுத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கதிரையை முன்பு இருந்த இடத்துக்கே தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"திங்கக்கெழமை எத்தன மணிக்கு வரணும், மேடம்?"