இரண்டு இடத்திலும் மாறிய பெயர்

அத்தானின் அடி தாங்காமல் என் வீட்டுக்கு வந்துவிட்ட அக்கா, மறுவாரம் புது போன் வாங்கினாள். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் பழைய ஈமெயில் கணக்கைத் திறந்தாள். எண்கள் எல்லாம் தானாக வந்து நிரம்பின. அத்தானின் பெயரை அழித்துவிட்டு ‘சனியன்’ என்று எழுதினாள்.

“பாருடி, இனிமே அடிச்சா யாருன்னு குழப்பமே இல்ல,” என்றாள். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு காலண்டரில், வெள்ளிக்கிழமை மாலை பல் டாக்டர் என்று கிளினிக் முகவரியோடு குறித்துவைத்தாள்.

அதே கணக்கு, அவள் விட்டுவந்த வீட்டின் கம்ப்யூட்டரிலும் திறந்தே கிடந்தது. இங்கே எழுதியதெல்லாம் அங்கேயும் தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை நானும் அக்காவும் போனபோது கிளினிக் வாசலில் அத்தான் நின்றிருந்தான்.

“சனியன் வந்திருக்கேன்டி.”

அவன் கத்தியை ஓங்க, நான் குறுக்கே பாய்ந்தேன். கத்தி என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு அவள் கழுத்தில் இறங்கியது. அவள் விழுந்த பிறகும் குத்திக்கொண்டே இருந்தான். காத்திருந்தவர்கள் நாற்காலியால் அவன் மண்டையில் அடித்த பிறகுதான் நிறுத்தினான்.

அக்கா அங்கேயே இறந்துபோனாள். அவன் சிறையில் இருக்கிறான். என் விரல்கள் இப்போது சரியாக மடங்குவதில்லை.

என் போனில் அவன் பெயர் இன்னும் ‘அத்தான்’ என்றுதான் இருக்கிறது.