பொட்டு வைத்த மண்டையோடு

கிட்டுசாமி அண்ணன் வீட்டு வாசற்கதவில் மண்டையோட்டுக் கொடி தொங்குவதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுப்புத் துணியில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு மண்டையோடு, கீழே குறுக்காக இரண்டு தொடையெலும்பு. தொண்ணூற்றேழு அக்டோபர், எங்கள் அமெரிக்க ஊரான பேர்லேண்டில் ஹாலோவீன் பண்டிகைக்காகத் தெருவெல்லாம் பூசணிக்காயும் எலும்புக்கூடுமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் என்னவோ செய்துவிட்டுப் போகட்டும். அண்ணன் மனைவி நாகமணி போய் இன்னும் காரியம்கூட முடியாத வீட்டில் இதென்ன கூத்து?

காரை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கிப்போய்க் கொடியைப் பிடுங்கினேன். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள் கயல். நாகமணியின் ஒரே பெண், ஐந்தாவது படிக்கிறாள்.

"என்னடி இது? அம்மா போன வீட்டுல ஹாலோவீன் கேக்குதா உனக்கு?"

"இட்ஸ் நாட் ஃபார் ஹாலோவீன், சாரதா ஆன்ட்டி. இட்ஸ் அம்மா."

அப்போதுதான் கவனித்தேன். மண்டையோட்டின் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. நாகமணி வைப்பது போலவே, கொஞ்சம் பெரிதாக. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பள்ளியில் கடற்கொள்ளையரைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். லைப்ரரி புத்தகத்தில் படித்ததை இங்கிலீஷிலேயே சொன்னாள். சிலுவைப்போருக்குப் போன வீரன் ஒருவன். அவன் நேசித்த பெண் செத்துப்போகிறாள். அவள் தலையையும் இரண்டு தொடையெலும்பையும் எடுத்து வைத்துக்கொள், உன்னைக் காப்பாற்றும் என்று ஒரு குரல் சொல்கிறது. அவன் அவற்றைப் பிரியவே இல்லை, எந்தச் சண்டையிலும் தோற்கவும் இல்லை. பிற்பாடு ராஜா அந்த வீரனின் கூட்டத்தைப் பிடித்துக் கொளுத்தியபோது, தப்பித்த கப்பல்கள் அதே தலையையும் எலும்பையும் கொடியில் வரைந்துகொண்டு கொள்ளைக்குக் கிளம்பினவாம்.

"ஜஸ்ட் எ லெஜெண்ட், ஆன்ட்டி," என்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை அப்பா அம்மாவின் எலும்பைப் பவானி கூடுதுறையில் கரைக்க எடுத்துப் போகிறார் இல்லையா, அதில் மூன்றை மட்டும் தனக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். அதை நான்தான் கேட்டு வாங்கித் தர வேண்டுமாம். "ஜஸ்ட் த்ரீ. ப்ளீஸ்."

எலும்பு ஏது? தகனம் முடிந்த மறுநாள் அண்ணனை நான்தான் அந்த இடத்துக்குக் காரில் கூட்டிப்போனேன். பால் தெளித்து எலும்பு பொறுக்க, சொம்பில் பாலும் ஒரு மண்கலயமும் மடியில் வைத்திருந்தார். கோட் போட்ட ஒருவர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். இங்கே எல்லாவற்றையும் மெஷினில் அரைத்துத்தான் கொடுப்பார்களாம். யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பால் தளும்பத் தளும்பத் திரும்பி வந்தோம். ஊரில் நாகமணியின் அம்மா தாங்கமாட்டார் என்று, போனில் அண்ணன் "எலும்பெடுத்தாச்சுங்க" என்றே சொல்லிவந்தார். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

கொடியைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். டையைக்கூட அவிழ்க்காமல் டப்பாவை எடுத்துவந்து, கார்ப்பெட்டில் உட்கார்ந்து திறந்தார்.

"கண்ணு, அப்பா பொய் சொல்லீட்டேன். எலும்பெல்லாம் இல்ல. இவ்வளவுதான் குடுத்தாங்க."

கயல் எட்டிப் பார்த்தாள். கோலமாவு போலத்தான் இருந்தது, நிறம் மட்டும் சாம்பல்.

"விச் பார்ட் இஸ் ஹெர் ஹெட்?"

தகனத்தன்றுகூடக் கண்கலங்காத மனிதர், அந்தக் கேள்விக்கு வாய்விட்டு அழுதார்.

"ஒரு ஸ்பூன் வெச்சுக்கறயா சாமி?" என்றார் கடைசியில். வீட்டில் துளிகூட வைக்கக் கூடாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கயல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தமிழில் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குச் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி.

"வேண்டாம்ப்பா. எது தலை, எது கால்னு தெரியல. கொஞ்சம் எடுத்தா, அம்மாவுக்கு எது இல்லாம போகும்னு தெரியாது. எல்லாம் கொண்டு போங்க."

மூடியை அவளே அழுத்தி மூடினாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.