எண்டிங்கில் பேர் இல்லாத தாய்மாமன்

களம்பூரிலிருந்து ஆரணிக்கு வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் எழிலரசி போனை எடுத்துவிடுவாள். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூனில் ஒரு பகுதியை முழுதாகப் பார்க்க அந்தப் பயணம் போதாது. அதனால் ஓப்பனிங் பாட்டையும் எண்டிங் பாட்டையும் மட்டும் பார்ப்பாள். ஓப்பனிங் என்றால் ஓடும் கால்கள், காற்றில் பறக்கும் முடி, தாளம் விழும் இடத்தில் சரியாக வந்து நிற்கும் தலைப்பு. அதைப் பார்த்துவிட்டு இறங்கினால் அன்றைய வேலைக்குத் தெம்பு வந்துவிடும்.

எண்டிங் வேறு மாதிரி. யாரோ ஒருத்தி பக்கவாட்டில் நடந்துகொண்டே இருப்பாள். ஓரத்தில் பெயர்கள் ஏறிக்கொண்டே போகும். வானத்துக்கு வண்ணம் அடித்தவனுக்கும் அதில் ஒரு பெயர் உண்டு. அந்த எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் கடைசிப் பெயர் வரைக்கும் தள்ளிவிடாமல் பார்ப்பாள். அவள் அப்பா பொன்னுசாமி ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அவர் தூக்கிய மூட்டை ஒவ்வொன்றிலும் மில் முதலாளியின் பெயர்தான் அச்சடித்திருக்கும்.

ஆரணியில் குப்புராஜின் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. வேலை என்றால் கவுன்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக் கொடுப்பது. எடிட்டிங் தெரியும் என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். குப்புராஜ் காதில் வாங்கவில்லை.

ஒருநாள் பட்டு நெசவுக்காரர் சம்பந்தத்தின் மகள் லாவண்யா கல்யாண வீடியோவுக்குச் சொல்ல வந்தாள். அந்த நேரம் எழிலரசியின் போன் அடித்தது. ரிங்டோனாக வைத்திருந்த எண்டிங் பாட்டைக் கேட்டு லாவண்யா அப்படியே நின்றுவிட்டாள். இந்த ஊரில் அந்தப் பாட்டு தெரிந்த இன்னொரு ஆள் இருக்கிறாள் என்பதை இரண்டு பேராலும் நம்ப முடியவில்லை. தறியில் உட்கார்ந்தால் தன் காதில் ஓடுவதும் அதுதான் என்றாள் லாவண்யா. வந்த வேலையை விட்டுவிட்டு எந்த ஓப்பனிங் உசத்தி என்று இருவரும் சண்டை போட்டார்கள். கடைசியில் லாவண்யா குப்புராஜிடம் திரும்பி, ரிசப்ஷனில் பெரிய திரையில் போட எனக்கு ஒரு ஓப்பனிங், ஒரு எண்டிங் வேண்டும், இந்தப் பெண்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

குப்புராஜுக்கு அது இஷ்டமில்லை. "செஞ்சிக்கோ. நல்லா வந்தா இனிமே கேமரா உன் கையில. சொதப்பினா, மறுபடி போட்டோ வெட்டிகினு கிட" என்றார்.

ஓப்பனிங்குக்கு லாவண்யாவைத் தண்ணீர் வற்றிய ஆற்று மணலில் ஓடவிட்டாள். மாப்பிள்ளை ராஜ்குமார் காற்றில் திரும்பிப் பார்க்க வேண்டும். அவருக்கு வெட்கம் போகவே ஒரு சாயங்காலம் பிடித்தது.

எண்டிங்குக்கு எழிலரசி லாவண்யாவின் தெருவுக்கே போனாள். தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளை, அதாவது புதுப் பாவை, நெசவுக்காரர்கள் விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து சரிசெய்வார்கள். ஒரு வீட்டுப் பாவு என்றாலும் அக்கம்பக்கமெல்லாம் கைகொடுக்க வந்துவிடும். அன்று நீட்டியது லாவண்யாவின் முகூர்த்தப் புடவைக்கான பாவு. எழிலரசி கேமராவைப் பிடித்துக்கொண்டு அதன் ஓரமாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். இழையைப் பிடித்த கைகளும், குனிந்த முகங்களும், நடுவில் எங்கோ லாவண்யாவும் வரிசையாக வந்தார்கள். அந்தப் படத்தின் மேல் பெயர்களை ஏற்றினாள். பட்டுக்குச் சாயம் போட்ட பச்சையப்பன், அறுந்த இழையை முடிந்த அபிதகுசாம்பாள், பாவுக்கட்டையைப் பிடித்த பக்கத்து வீட்டுக்காரர், எல்லாருக்கும் டீ போட்ட தெய்வநாயகி. வேலை செய்தவர் பெயர் ஒன்று விடாமல் வந்தது.

ரிசப்ஷனில் ஓப்பனிங் ஓடியதும் மண்டபம் விசில் அடித்தது. எண்டிங்குக்கு அடங்கிவிட்டது. தன் பெயரைத் திரையில் பார்த்த அபிதகுசாம்பாள் பக்கத்தில் இருந்தவளின் தொடையைக் கிள்ளினாள். சாயக்கறை ஏறிய விரலால் பச்சையப்பன் தன் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். குப்புராஜ் எழிலரசியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்குத்தான் அவள் இவ்வளவு நாள் காத்திருந்தாள்.

பெயர்கள் முடிந்தன. முன் வரிசையில் இருந்த கமலக்கண்ணன் எழுந்தார். லாவண்யாவின் தாய்மாமன், சேத்துப்பட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவர். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "டீ போட்டவ பேரு வருது, தாய்மாமன் பேரு வரல. சரி, நாங்க கெளம்பறோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பெண்டாட்டி கொண்டுவந்த சீர்த்தட்டுகளைத் திரும்ப எடுக்கப் போனாள்.

மண்டபம் பதறியது. காலையில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணையில் உட்கார முடியாது. லாவண்யாவின் அம்மா பொன்னம்மாள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சம்பந்தம் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குப்புராஜைத் திட்டினார். குப்புராஜ் எழிலரசியைத் திட்டினார். நாளையிலிருந்து கவுன்டர்கூடக் கிடையாது என்றார். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் இருந்த பெயர் உன் கண்ணில் படவில்லையா என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். மேடையில் லாவண்யாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

எழிலரசியின் கண்ணில் பெயர் படாமல் இல்லை. பத்திரிகை வேறு, எண்டிங் வேறு என்று நினைத்துவிட்டாள். முறைக்குப் பெயர் போடும் இடம் பத்திரிகை, உழைப்புக்குப் போடும் இடம் எண்டிங் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கை இங்கே யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி கமலக்கண்ணன் முன்னால் நின்றாள்.

"சார், தப்பு என்னுதுதான். இதுல வேல செஞ்சவங்க பேரத்தான் போடுவாங்க. உங்க பேர எந்த வேலைக்கு நேரா போடட்டும்? சொல்லுங்க சார், இப்பவே போட்டுடறேன்."

யாரோ ஒருவர் பல்லைக் கடித்து, "மூட்ட தூக்கறவன் பொண்ணு, பேசறத பாரு" என்றார். தாய்மாமனைப் பார்த்து நீ என்ன வேலை செய்தாய் என்று கேட்டது போலத்தான் எல்லார் காதிலும் விழுந்தது. கமலக்கண்ணன் மோதிரம் போட்டதையும் சீர் கொண்டுவந்ததையும் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"இவுங்க வூட்டுத் தறிக்குழிய தோண்டுனது நான்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "மச்சானுக்கு அப்ப மஞ்சக்காமால. கூலிக்கு ஆளு வெக்க வழியில்ல. அடியில பாற. கடப்பாறய போட்டு ஒடச்சேன், கையெல்லாம் கொப்புளம். அந்தத் தறியிலதான் இந்தப் பொண்ணு பொடவய நெஞ்சிருக்குது."

லாவண்யாவுக்கு இது தெரியாது. அவள் பிறப்பதற்கு முந்தின கதை. காலைத் தொங்கவிட்டுத் தறி மிதித்து அத்தனை வருஷம் உட்கார்ந்த குழி தானாக வந்ததில்லை என்று அவள் யோசித்ததே இல்லை. மேடையை விட்டு இறங்கி வந்து மாமனின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை.

எழிலரசி வாசற்படியிலேயே உட்கார்ந்து தட்டினாள். ‘தறிக்குழி தோண்டியவர்: கமலக்கண்ணன், சேத்துப்பட்டு.’ எல்லாப் பெயருக்கும் முதலில் அதை வைத்தாள். குழி இல்லாமல் தறி இல்லை, அதனால் நியாயமாகவும் அதுதான் முதல்.

எண்டிங் மறுபடி ஓடியது. கமலக்கண்ணன் நின்றுகொண்டே பார்த்தார். தன் பெயர் ஏறி மறைந்த பிறகும் உட்காராமல் தெய்வநாயகியின் டீ வரைக்கும் பார்த்தார். "ஷோக்கா இருக்குது" என்றார், பெண்டாட்டியிடம் சீர்த்தட்டைக் கீழே வைக்கச் சொல்லி.

அதற்குப் பிறகுதான் பேஜார். தங்களுக்கும் வேலை உண்டு என்று ஆட்கள் லேப்டாப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அலைந்து விசாரித்தவர் வந்தார். லாவண்யாவுக்குத் தறியில் கால் வைக்கச் சொல்லிக்கொடுத்த பெரியம்மா வந்தாள். திட்டி முடித்த சம்பந்தமே தயங்கித் தயங்கி வந்து, காமாலையில் தனக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த எதிர்வீட்டுக்காரி பெயரைப் போட முடியுமா என்று கேட்டார். எழிலரசி எல்லாவற்றையும் போட்டாள். சாம்பார் ஆறிப்போகிறது என்று சமையல்காரர் கத்திக்கொண்டிருந்தார். அவர் பெயரையும் போட்டாள்.

பந்தியில் கமலக்கண்ணன் குப்புராஜைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"ஆவணியில என் பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. அந்தப் பொண்ணயே அனுப்பிடுங்க. பேருங்கள நான் முன்னாடியே சொல்லிடறேன், இந்த மாதிரி வாசப்படியில உக்காந்து தட்டவேணாம்."

குப்புராஜ் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே எழிலரசியை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவர். "காலையில முகூர்த்தம் நீதான் எடுக்கற. ஜல்தியா வந்துடு. பேட்டரிய இப்பவே சார்ஜ் போடு" என்றார்.

அவள் மேடைக்குப் பின்னால் போய் பேட்டரியை மாட்டினாள். சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கோ ஒரு நாட்டில், அவளால் பெயரைப் படிக்க முடியாத யாரோ ஒருவன் வானத்துக்கு வண்ணம் அடித்திருக்கிறான். அவனுக்கு நன்றி சொல்ல வழி இருந்தால் இப்போது சொல்லியிருப்பாள். வழி இல்லாததால் சாப்பிடப் போனாள்.