ஜெசிக்கா இறங்காத அரையிறுதி

நியூசிலாந்தின் ஆக்லாந்துக் கல்லூரிகளின் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி, 1996. பக்குரங்கா அணி எடுத்த புள்ளிகளில் பாதி அதன் தலைவி ஜெசிக்காவுடையவை. பயிற்சியாளர் அவளுடைய அம்மா டோறின். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்காக ஆடியவர்.

குழுநிலையின் கடைசி ஆட்டத்தில், பந்துக்காக எழும்பிய ஜெசிக்கா இன்னொருத்தியின் சப்பாத்தின் மேல் வந்து இறங்கினாள். கணுக்கால் மடங்கியது. அவள் வெளியேறியதும் அணி குழம்பி, வென்றுகொண்டிருந்த ஆட்டத்தைத் தோற்றது. அதனால் குழுவில் முதலிடம் போய் இரண்டாமிடம். அட்டவணையே மாறிவிட்டது. சென்ற ஆண்டின் சாம்பியனான மங்கரே அணியை இறுதியாட்டத்தில்தான் சந்தித்திருக்க வேண்டும். இப்போது மறுநாள் அரையிறுதியிலேயே அவர்கள்.

காலையில் ஜெசிக்கா ஊன்றுகோலோடு வந்து நின்றாள்.

"டேப் சுத்திவிடுங்கோ அம்மா. நான் விளையாடுவன்."

"இல்லை."

"நீங்கள் அம்மா எண்டபடியால்தான் பயப்பிடுறியள்."

"ஆரின்ரை பிள்ளையெண்டாலும் இந்தக் காலோடை இறக்கமாட்டன்," என்றார் டோறின். பிறகு மாற்று வீராங்கனை அபிதாவைப் பார்த்தார். "நீ இறங்கு."

அபிதாவின் குடும்பம் சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடம்தான். அவள் முகம் வெளுத்தது. "ஆன்ட்டி, ஜெசி மாதிரி எனக்கு ஆட வராதே!"

"ஜெசி மாதிரி வேண்டாம். பந்து வந்தா வைச்சிருக்காதை, உடனை குடு."

மங்கரே அணி ஜெசிக்காவை மறிப்பதற்கென்றே இருவரைப் பழக்கி வைத்திருந்தது. அவள் இல்லாததால் யாரை மறிப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கூடைக்குக் கிட்ட நின்ற தன் அணியின் மெலேயைக் கவனிக்காமல் ஜெசிக்காவையே திரும்பித் திரும்பிப் பார்த்த அபிதா, முதலில் பந்தை இரண்டு தடவை பறிகொடுத்தாள். டோறின் அவளை வெளியே எடுக்கவில்லை. அழுது சிவந்த கண்களோடு களத்தோர வாங்குப் பலகையில் இருந்த ஜெசிக்கா திடீரென்று கத்தினாள்:

"அபி, என்னைப் பார்க்காதை! மெலேயைப் பார்!"

அதன்பின் பந்து ஒரு கையில் நிற்கவில்லை. அதுவரை ஜெசிக்காவுக்கே பந்தைக் கொடுத்துப் பழகியவர்கள் ஒவ்வொருவராகக் கூடையில் போட்டார்கள். கடைசி நிமிடத்தில் சமநிலை. அபிதாவைச் சுற்றி மூன்று பேர். அவள் குனிந்து, அவர்களுடைய கைகளுக்குக் கீழால் பந்தைத் தள்ளினாள். மெலே பிடித்துப் போட்டாள். ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. ஜெசிக்கா ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் துள்ளினாள்.

இறுதியாட்டத்தில் தோற்றார்கள். களைத்துப் போயிருந்தார்கள், எதிரணி கெட்டிக்கார அணி. ஆனாலும் ஒருத்திகூடத் தலை குனியவில்லை.

இரண்டாமிடக் கேடயத்தை வாங்கத் தலைவியை அழைத்தபோது, ஜெசிக்கா அபிதாவின் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள். "நீ போய் வாங்கு."

"நான் எப்படி…"

"போ எண்டுறன்!"

அபிதா கேடயத்தை உயர்த்தினாள். பார்வையாளர் வரிசையில் கணவர் யேசுராசாவின் பக்கத்தில் வந்து நின்ற டோறின் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

"பாத்தியளே," என்றார், "என்ரை பிள்ளையளை?"