சைரன் சாரும் சிவப்புத் திரையும்

வேலை பார்க்கிற இடத்தில் அவருக்குச் சைரன் சார் என்றுதான் பெயர். பதினெட்டு மாடிக் கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒரு தடவையாவது அபாய மணியை அலறவிட்டு, அக்கடா என்று டீ குடித்துக்கொண்டிருப்பவர்களைப் படிக்கட்டு வழியாக இறக்கிவிட்டால்தான் மனுஷனுக்குத் தூக்கம் வரும். அவர் நடத்துகிற பாடம் ரொம்பச் சின்னது. மணி அடித்தால் யோசிக்காதே, சுவரில் எழுதியிருப்பதை அப்படியே செய். பதினைந்து வருஷம் இதையே ஓதி ஓதி, பாவம், அவருக்கே அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

அன்றைக்கு அவருக்கு விடுமுறை. மனைவிக்கு இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். நாற்பத்தாறு வயதில் அஞ்சல் வழியில் முதுகலை படிக்கிறாள். ஆய்வறிக்கையை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் ஒரு வருஷம் அம்போ. கடைசி அத்தியாயத்தை முந்தின நாள்தான் முடித்திருந்தாள். அது வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

"வந்து ஒரு தடவை படிச்சுட்டு அனுப்பிடுவேன். அதுவரைக்கும் அந்த மேஜை பக்கம் போகாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

சும்மா இருந்தாரா? வாஷிங் மெஷின் பாதியில் நின்று ஏதோ ஒரு எண்ணைக் காட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திறந்த பக்கம், "அறிவிப்புகளை அனுமதிக்கிறீர்களா?" என்று பணிவாகக் கேட்டது. அறிவிப்பு என்றால்தான் இவருக்கு உயிராயிற்றே! உடனே அனுமதி கொடுத்தார்.

அவ்வளவுதான். மூலையில் குட்டிக் குட்டிப் பெட்டிகள் எட்டிப் பார்த்தன. பதினேழு வைரஸ் என்றது ஒன்று, உடனே தொடு என்றது இன்னொன்று. தொட்டார். திரை முழுக்கச் சிவப்பு. 'ஊய்ங் ஊய்ங்' என்று சத்தம் வேறு. கீழே பெரிய எழுத்தில்: அணைக்காதே, இந்த எண்ணுக்குப் போன் செய்.

வேறு யாராவது என்றால் கையும் ஓடாது, காலும் ஓடாது. சைரன் சாருக்கோ இது பழகின இடம். அறிவிப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்கப் படித்தார், போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தான் ஒருத்தன்.

"பரவாயில்லையே! நாலு செகண்டுல எடுத்துட்டீங்க. நல்லா டிரில் பண்ணியிருக்காங்க உங்களை" என்று மனசாரப் பாராட்டினார். ஊரை ஏமாற்றிப் பிழைப்பவனை அதுவரை யார் பாராட்டியிருக்கப் போகிறார்கள்? அவன் ஒரு நிமிஷம் தடுமாறி, "தே... தேங்க்ஸ் சார்" என்றான்.

பிறகு குரலில் தேன் ஒழுக ஒரு புரோகிராமை இறக்கிக்கொள்ளச் சொன்னான். இவர் இறக்கினார். அதைத் திறந்ததும் திரையில் ஒன்பது எண்கள் வந்தன.

"அதைப் படிங்க சார். நான் இங்க இருந்தே சுத்தம் பண்ணிடுறேன். வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லப்பா. வீட்டுக்காரி வேலைக்குப் போயிருக்கா."

"நல்லதாப் போச்சு. அவங்ககிட்ட சொல்லிக்காதீங்க. யாருக்கும் தெரியாம, சத்தமில்லாம முடிச்சிடலாம்."

உண்மையைச் சொன்னால், இவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவள் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டால் நல்ல பிள்ளை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். மூன்று எண்களைப் படித்தும் விட்டார். நான்காவதில்தான் சுரீர் என்று உறைத்தது.

சத்தமில்லாமலா? தீ என்றால் முதல் வேலை கத்துவதுதானே! அவர் விசாரித்த விபத்துகளில் பாதி எப்படிப் பெரிதாயிற்று? குப்பைத் தொட்டியில் பற்றியதை, மானம் போகக் கூடாதென்று எவனோ தனியாக அணைக்கப் பார்த்ததால்தான்.

"ஏம்பா, எந்தக் கன்ட்ரோல் ரூம்ல யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்வாங்க?"

தேன் வற்றிவிட்டது. "மீதி நம்பரைச் சொல்லுங்க சார். இல்லேன்னா பத்து நிமிஷத்துல எல்லா ஃபைலும் காலி!"

அவள் விடிய விடிய அடித்த அத்தியாயம்! ஆனாலும் போனை வைத்துவிட்டார். அடுத்து செய்ய வேண்டிய போன்தான் பெரும் பாடு. பதினெட்டு மாடியையும் அதட்டி இறக்குகிற மனுஷனுக்கு, பெண்டாட்டியின் எண்ணை முழுசாக அழுத்த மூன்று தடவை பிடித்தது.

"நான் உன் கம்ப்யூட்டரைத் தொட்டுட்டேன்ம்மா" என்றார்.

அவள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. இவரே விபத்து அறிக்கை வாசிக்கிற மாதிரி, ஒன்று பத்துக்கு உட்கார்ந்தது, ஒன்று பதினாலுக்கு அனுமதித்தது, ஒன்று இருபதுக்குப் போன் செய்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"எண்ணைச் சொன்னீங்களா?"

"மூணுதான் சொன்னேன். மீதி ஆறைச் சொல்லல."

"இன்டர்நெட் ஒயரைப் பிடுங்குங்க. பவர் பட்டனை அணையிற வரைக்கும் அழுத்திப் பிடிங்க. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

அப்படியே செய்தார். கையைக் கட்டச் சொன்னதையும் சேர்த்து.

பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். தோளில் பையைக்கூட இறக்கவில்லை. ஒயரை மாட்டாமலே கம்ப்யூட்டரைத் திறந்து, அவன் கொடுத்த புரோகிராமை நீக்கினாள். இவர் வாரி வழங்கிய அனுமதிகளையெல்லாம் ரத்து செய்தாள். ஏற்கெனவே இருந்த நிஜமான ஆன்டிவைரஸை ஓடவிட்டாள். அது ஆற அமர ஒன்றரை மணி நேரம் சோதித்தது. இவர் பின்னால் நின்று திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் போயிடுச்சா?"

"வாயைத் திறக்காதீங்க."

நாலரைக்கு அறிக்கையைத் திறந்தாள். எல்லா அத்தியாயமும் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் மறுபடி முதலிலிருந்து மடமடவென்று பக்கங்களை ஓட்டினாள். நன்றியுரை வந்தபோது மட்டும் கொஞ்சம் அதிக வேகமாக ஓட்டினாள். அதற்குள் அவர் படித்துவிட்டார்.

'என் கணவருக்கு: இரண்டு வருடமும் என் வேலையில் கை வைக்காமல் இருந்ததற்கு.'

"இது பொய்ம்மா" என்றார். "எடுத்துடு."

மணி நாலு ஐம்பது. அவள் அந்த வரியை அழித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு ஒன்றை அடித்து, அவர் பக்கம் திரும்பாமலே ஒயரை மாட்டி அறிக்கையை அனுப்பினாள்.

'என் கணவருக்கு: கை வைத்ததை மறைக்காமல் சொன்னதற்கு.'